தூக்கமின்மைக்கு மாத்திரையா, பேச்சுச் சிகிச்சையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மருத்துவ உளவியலாளர். மாவட்டத் தலைநகர் ஒன்றில், மனநல மருத்துவர் ஒருவருடன் சேர்ந்து, தூக்கம் வரவில்லை என்று வருகிறவர்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் கையில் ஒரு மாத்திரை அட்டை இருக்கும். அதை மேசைமேல் வைத்துவிட்டு, இதைத் தொடரலாமா விட்டுவிடலாமா என்று தொடங்குவார்கள். அதற்குப் பின் அவர்கள் கேட்பவையும் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் வருகின்றன. அந்தக் கேள்விகளை அவர்கள் பேசியபடியே எழுதி, என் பதில்களைக் கீழே தந்திருக்கிறேன். தற்போது மாத்திரை எடுத்துக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றிரவே நிறுத்திவிட வேண்டாம். ஏன் என்பதை, நிறுத்துவது பற்றிய கேள்வியில் விளக்கியிருக்கிறேன்.

"பத்து நாளாத் தூக்கம் சரியில்ல. இதுக்கே சிகிச்சை எடுக்கணுமா மேடம்?"

வேண்டியதில்லை. மகளின் கல்யாண வேலை, வீட்டில் ஒரு சாவு, தேர்வு முடிவு, கட்ட முடியாத தவணை என்று ஏதேனும் ஒன்றையொட்டிச் சில நாட்கள் தூக்கம் கெடுவது இயல்பு. பெரும்பாலும் தானே சரியாகிவிடும். தூங்குவதற்கு நேரமும் வசதியும் இருந்தும், வாரத்தில் 3 இரவுகளாவது தூக்கம் பிடிக்காமலோ, நடுவில் விழித்துக்கொண்டோ, விடிவதற்கு வெகுநேரம் முன்பே எழுந்துகொண்டோ 3 மாதங்களாகத் தொடர்ந்து, அதனால் பகல் வேலையும் மனநிலையும் கெட்டால்தான் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்று மருத்துவம் சொல்கிறது.

நேரமும் வசதியும் இருந்தும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். இரவு 12 மணிக்குப் பாத்திரம் கழுவி முடித்து, விடியற்காலை 4 மணிக்குக் குழாய்த் தண்ணீர் பிடிக்க எழுந்திருக்கும் பெண்ணுக்கு இருப்பது தூக்கமின்மை நோய் அன்று; அவருக்குத் தூங்க நேரமே கிடைக்கவில்லை. அவருக்கு மாத்திரையும் வேண்டாம், என் சிகிச்சையும் வேண்டாம். வீட்டில் இன்னொருவர் அந்தப் பாத்திரத்தைக் கழுவ வேண்டும். அதுபோலவே, இரவில் பலத்த குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருகிறவருக்கும், படுத்ததும் கால்களை அசைக்காமல் இருக்க முடியாத குடைச்சல் உள்ளவருக்கும் காரணம் வேறு, மருத்துவமும் வேறு. தைராய்டு, இரத்தச்சோகை, ஆஸ்துமாவுக்கு எடுக்கும் மருந்து ஆகியவற்றையும் மருத்துவர் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

"தூக்க மாத்திரைன்னா எல்லாம் ஒண்ணுதானே?"

ஒன்றல்ல. நம் ஊரில் அதிகம் எழுதப்படுபவை அல்பிரசோலாம், குளோனசெபாம், டயசெபாம், நைட்ரசெபாம் ஆகிய பென்சோடயசெபின் குடும்பத்தவை. மூளையில் காபா என்ற வேதிப்பொருள் நரம்புகளின் துடிப்பை அடக்கிவைக்கிறது. இவை அந்த அடக்கத்தை மிகுதிப்படுத்துகின்றன. சோல்பிடெம், எஸ்சோபிக்ளோன் போன்ற இசட் வகை மருந்துகள் வேறு குடும்பம் என்றாலும் வேலை செய்யும் இடம் அதே இடம்தான். வேறுபாடு பெரும்பாலும் காலத்தில் இருக்கிறது. உடலில் சோல்பிடெமின் அளவு சுமார் இரண்டரை மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். டயசெபாம் பாதியாகக் குறைய ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். முன்னது விடியும்முன் விழிப்புத் தரக்கூடும், பின்னது மறுநாள் மதியம் வரை தலையைக் கனக்க வைக்கும்.

மனச்சோர்வுக்கான மிர்டாசபின், அமிட்ரிப்டிலின் போன்றவற்றைக் குறைந்த அளவில் தூக்கத்துக்காக எழுதுவதும் உண்டு. மெலட்டோனின், உடலின் இரவு பகல் கணக்கு தவறியவர்களுக்கு ஓரளவு உதவும். நாள்பட்ட தூக்கமின்மையில் அதன் பலன் சிறியது. விழிப்பைத் தூண்டும் ஒரெக்சினைத் தடுக்கும் சுவோரெக்சன்ட், டாரிடோரெக்சன்ட் ஆகியவை அமெரிக்காவில் முறையே 2014இலும் 2022இலும் ஒப்புதல் பெற்ற புதியவை. சளி, அரிப்புக்கான அவில் மாத்திரையைத் தூக்கத்துக்காகத் தாமாகவே போட்டுக்கொள்கிறவர்களும் பலர். சில நாட்களிலேயே உடல் அதற்குப் பழகிவிடும். வயதானவர்களுக்கு அது சிறுநீர் அடைப்பையும் குழப்பத்தையும் உண்டாக்கக்கூடும்.

"பேசினா தூக்கம் வந்துடுமா?"

பேசுவதால் மட்டும் வராது. பேச்சுச் சிகிச்சை என்ற பெயரே இங்கே கொஞ்சம் திசைதிருப்பிவிடுகிறது. தூக்கமின்மைக்கு இன்று முதல் சிகிச்சையாகப் பரிந்துரைக்கப்படுவது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையின் ஒரு தனி வடிவம். சுருக்கமாக சிபிடி-ஐ என்பார்கள். அதில் குழந்தைப்பருவத்தைக் கிளறுவதோ, மணிக்கணக்கில் மனக்குறையைக் கொட்டுவதோ இல்லை. வாரம் ஒருமுறையாக 4 முதல் 8 அமர்வுகள் நடக்கும். அவற்றில் நாம் போடும் திட்டத்தை அவர் வீட்டில் ஒவ்வோர் இரவும் செய்துபார்க்க வேண்டும்.

அதன் அடிப்படை எளிது. தூக்கம் கெடுவதற்கு ஒருவரின் இயல்பு ஒரு காரணம், திடீரென வந்த துன்பம் இன்னொரு காரணம். ஆனால் துன்பம் போன பிறகும் தூக்கம் திரும்பாமல் இருப்பதற்குக் காரணம், தூக்கத்தை வரவழைக்க நாம் மேற்கொள்ளும் வழிகளே. இரவு 8 மணிக்கே படுப்பது, பகலில் ஈடுகட்டத் தூங்குவது, படுக்கையில் புரண்டுகொண்டே மணி பார்ப்பது, நாளைக்கு வேலை கெட்டுவிடுமே என்று கணக்குப் போடுவது ஆகியவை மாதக்கணக்கில் தொடரும்போது, படுக்கை என்பது விழித்திருக்கும் இடம் என்று உடல் கற்றுக்கொள்கிறது. ஹாலில் தொலைக்காட்சி முன் தலை தொங்கித் தூங்குகிறவர், பாயில் சாய்ந்த நொடியில் முழு விழிப்பாகிவிடுகிறார் என்றால், அவர் உடலுக்குத் தூங்கத் தெரியவில்லை என்று பொருளன்று. அந்த இடத்தில் தூங்க அது மறந்துவிட்டது.

ஆகவே சிகிச்சையின் முதல் விதி, 1972இல் ரிச்சர்ட் பூட்சின் வகுத்தது: தூக்கம் கண்ணைச் சொருகும்போதுதான் படுக்க வேண்டும், சுமார் 20 நிமிடம் போல் தூக்கம் பிடிக்கவில்லை என்று தோன்றினால் எழுந்து வேறிடம் போக வேண்டும், மீண்டும் சொருகும்போது திரும்ப வேண்டும், எத்தனை மணிக்குத் தூங்கியிருந்தாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழ வேண்டும். இரண்டாவது விதி அடுத்த கேள்வியில் வருகிறது. இவற்றோடு, "எட்டு மணி நேரம் தூங்காவிட்டால் மாரடைப்பு வந்துவிடும்" என்பது போன்ற அச்சங்களைச் சான்று வைத்துப் பரிசோதிப்பதும், உடலைத் தளர்த்தும் பயிற்சியும் சேரும். மாலைக்குப் பின் காபி வேண்டாம், படுக்கையில் கைபேசி வேண்டாம் என்னும் அறிவுரைகளும் உண்டு. அவை நல்லவையே என்றாலும், அவை மட்டும் தனியாக நாள்பட்ட தூக்கமின்மையைத் தீர்ப்பதில்லை.

"தூக்கமே இல்லைன்னு வந்தா, இன்னும் குறைச்சுப் படுக்கச் சொல்றீங்களே?"

இந்தக் கேள்வியைக் கோபத்தோடு கேட்டவர் 58 வயதான ஓர் ஆசிரியை. அவருடைய கணக்கை அவர் அனுமதியோடு சொல்கிறேன், ஏனெனில் சிகிச்சையின் உயிர்நாடி இதில்தான் இருக்கிறது. கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு ஒன்றில் இரண்டு வாரம் எழுதிவரச் சொல்லியிருந்தேன். படுத்த நேரம், ஏறத்தாழத் தூங்கிய நேரம், நடுவில் விழித்தது, எழுந்தது என்று நான்கு கட்டங்கள். சராசரி பார்த்தபோது, இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை 9 மணி நேரம் கட்டிலில் இருந்தவர், அதில் ஐந்தரை மணி நேரமே தூங்கியிருந்தார். அதாவது படுக்கையில் கழித்த நேரத்தில் 61 விழுக்காடுதான் தூக்கம். மிச்சம் மூன்றரை மணி நேரம் கண்ணைத் திறந்துகொண்டு கவலைப்படும் பயிற்சி.

ஆர்தர் ஸ்பீல்மனும் அவருடைய குழுவினரும் 1987இல் வெளியிட்ட முறைப்படி, தூங்கிய அளவுக்கே படுக்கை நேரத்தைச் சுருக்கினோம். எழுவது 5.30; எனவே படுப்பது நள்ளிரவு 12.00. ஐந்து மணி நேரத்துக்குக் கீழே யாருக்கும் சுருக்குவதில்லை. முதல் வாரம் அவருக்குக் கடினமாகவே இருந்தது. பத்தரை மணிக்கே கண் சொருகுகிறது, கணவர் "போய்ப் படு" என்கிறார், இவரோ ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலியில் முறம் நிறையப் பூண்டு வைத்து உரித்துக்கொண்டிருக்கிறார். "அந்த வாரம் உரிச்ச பூண்டை வச்சு ஒரு மாசம் குழம்பு வச்சேன்" என்றார் பின்னால். ஆனால் 12 மணிக்குப் படுத்ததும் தூங்கிவிட்டார். வாரக் கடைசியில் ஐந்தரை மணி நேரப் படுக்கையில் 5 மணி நேரம் தூக்கம், 91 விழுக்காடு. இப்படி 85 முதல் 90 விழுக்காட்டுக்கு மேல் போனால் அடுத்த வாரம் 15 நிமிடம் கூட்டலாம். 11.45, 11.30 என்று நகர்ந்து, ஏழு வாரத்தில் 10.45க்குப் படுத்து 5.30க்கு எழும் நிலைக்கு வந்தார். தூக்கம் 6 மணி நேரத்துக்குச் சற்று மேல். மொத்தத் தூக்கம் கூடியது அதிகமில்லை என்பதைக் கவனியுங்கள். துண்டு துண்டாக இருந்தது ஒரே துணியாக ஆனதுதான் அவர் உணர்ந்த மாற்றம்.

"எங்க வீட்ல ஒரே ரூம்தான், அஞ்சு பேர் வரிசையாப் படுக்கிறோம். ராத்திரி எழுந்து எங்க போறது?"

இந்தச் சிகிச்சையைப் பற்றிய புத்தகங்கள் தனிப் படுக்கையறை உள்ளவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அதனால் இங்கே கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். விதியின் நோக்கம் வேறு அறைக்குப் போவது அன்று. படுத்த நிலையில் விழித்திருக்கக் கூடாது என்பதே. பாயில் படுக்கிறவர்களுக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. தூக்கம் சொருகும்வரை பாயை விரிக்காமலே இருக்கலாம். விழிப்பு வந்தால் தலையணையை ஒதுக்கிவிட்டு, பாயின் ஓரத்தைச் சுருட்டி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொள்ளலாம். வாசற்படி, திண்ணை, மொட்டைமாடிப் படி, சமையல்கட்டின் ஒரு மூலை என்று எங்கேயும் போதும். போகும் வழியில் கால் தடுக்கும் சாமான் இல்லாமல் முன்பே ஒதுக்கிவைத்துவிட வேண்டும். வெளிச்சம் மங்கலாக இருக்கட்டும், கைபேசி மட்டும் வேண்டாம்.

மற்றவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவது முக்கியம். நடு இரவில் மாமியார் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, உடம்புக்கு என்னவோ என்று மருமகள் வீட்டையே எழுப்பிவிட்ட கதையும் நடந்திருக்கிறது.

"எது சீக்கிரம் கேக்கும்? எது நிலைச்சு நிக்கும்?"

முதல் வாரத்தில் மாத்திரைதான் முந்தும். அதில் ஐயமில்லை. ஆனால் அந்த முந்தலின் அளவு பலர் நினைப்பதைவிடச் சிறியது. இசட் வகை மருந்துகளைப் பற்றி அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்திடம் தரப்பட்ட ஆய்வுத் தரவுகளை ஒன்றுதிரட்டி 2012இல் வெளியான ஆய்வில், மருந்தே இல்லாத வெற்று மாத்திரை போட்டவர்களைவிட மருந்து போட்டவர்கள் சராசரியாக 22 நிமிடம் முன்னதாகத் தூங்கியது கருவிப் பதிவில் தெரிந்தது. சிபிடி-ஐ பற்றிய 20 ஆய்வுகளைத் தொகுத்த 2015ஆம் ஆண்டுக் கட்டுரையில், தூக்கம் பிடிக்கும் நேரம் 19 நிமிடம் குறைந்தது, நடுவில் விழித்துக் கிடக்கும் நேரம் 26 நிமிடம் குறைந்தது. இரண்டும் வெவ்வேறு ஆய்வுகள், அளந்த விதமும் வேறு என்பதால், இந்த எண்களை எதிரெதிரே நிறுத்தி வெற்றி தோல்வி சொல்லக் கூடாது.

வேறுபாடு தெளிவாகத் தெரிவது ஆறு மாதம் கழித்து. நார்வேயில் முதிய வயதினர் 46 பேரைக் கொண்டு நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பிரிவுக்கு 6 வாரம் சிபிடி-ஐ, இன்னொரு பிரிவுக்கு ஜோபிக்ளோன் என்ற இசட் வகை மருந்து, மூன்றாவதற்கு வெற்று மாத்திரை. ஆறு மாத முடிவில், படுக்கை நேரத்தில் தூங்கிய பங்கு சிகிச்சைப் பிரிவில் 81.4இலிருந்து 90.1 விழுக்காடாக உயர்ந்திருந்தது; மருந்துப் பிரிவில் 82.3இலிருந்து 81.9 ஆனது, அதாவது தொடங்கிய இடத்திலேயே நின்றது. 1999இல் சார்ல்ஸ் மோரினும் குழுவினரும் 78 முதியவர்களிடம் நடத்திய ஆய்வும் இதையே காட்டியது: நடத்தைச் சிகிச்சை பெற்றவர்களின் முன்னேற்றமே பின்னாளிலும் நிலைத்தது. மாத்திரை அந்தந்த இரவின் தூக்கத்தைத் தருகிறது. முன் சொன்னபடி உடல் கற்றுக்கொண்ட தவறான பாடத்தை அது தொடுவதில்லை.

"அப்ப ரெண்டையும் சேர்த்து எடுத்துக்கிட்டா டபுள் பலன்தானே?"

அப்படித் தோன்றும், கணக்கு அவ்வளவு நேராக இல்லை. அதே மோரின் குழு 2009இல் 160 பேரிடம் நடத்திய ஆய்வில், சிபிடி-ஐ மட்டும் பெற்றவர்களும் சோல்பிடெமோடு சேர்த்துப் பெற்றவர்களும் முதல் 6 வாரத்தில் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேறினார்கள். அதற்குப் பிறகுதான் பாதை பிரிந்தது. தொடக்கத்தில் இரண்டையும் பெற்று, பின்னர் மாத்திரையை விட்டுவிட்டுச் சிகிச்சையை மட்டும் தொடர்ந்தவர்களே நீண்ட நாளில் சிறந்த நிலையில் இருந்தார்கள்.

என் அனுபவத்தில் இதற்கு ஒரு காரணம் தெரிகிறது. மாத்திரை கையில் இருக்கும்போது, மூன்றாம் இரவு கடினமானதும் நாற்காலியில் காத்திருப்பதைவிட மாத்திரைப் பெட்டியைத் திறப்பது எளிதாகிவிடுகிறது. அப்போது வந்த தூக்கத்துக்கான பாராட்டு முழுவதும் மாத்திரைக்கே போய்விடும். தன்னாலும் தூங்க முடியும் என்ற நம்பிக்கை வளராது. சேர்த்துத் தொடங்குவதென்றால், எந்தத் தேதியில் மாத்திரை நிற்கும் என்பதை முதல் நாளே மருத்துவரும் நோயரும் சேர்ந்து எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.

"பத்து வருஷமா அரை மாத்திரைதான் போடுறேன். அதுல என்ன கெடுதல் வந்துடப்போவுது?"

வயது என்ன என்பதே என் முதல் எதிர்க்கேள்வி. 60 வயதைக் கடந்தவர்களிடம் தூக்க மருந்துகளைச் சோதித்த 24 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2005ஆம் ஆண்டுக் கட்டுரை, 13 பேர் எடுத்துக்கொண்டால் ஒருவருக்குத் தூக்கத்தின் தரம் மேம்படுகிறது, 6 பேர் எடுத்துக்கொண்டால் ஒருவருக்கு ஏதேனும் பக்கவிளைவு வருகிறது என்று கணக்கிட்டது. பக்கவிளைவு என்றால் தலைச்சுற்றல், மறதி, தள்ளாட்டம். இரவு 2 மணிக்குக் கழிவறைக்கு எழுந்த பாட்டி ஈரத் தரையில் விழுந்து இடுப்பு முறிந்து வருவதை எலும்பு முறிவுப் பிரிவில் நாங்கள் பார்க்கிறோம். அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம், முதியவர்கள் தவிர்க்க வேண்டியவை என்று வெளியிடும் பட்டியலில் பென்சோடயசெபின்களும் இசட் மருந்துகளும் இருக்கின்றன.

பெண்களின் உடலிலிருந்து சோல்பிடெம் மெதுவாக வெளியேறுவதால், 2013 ஜனவரியில் அமெரிக்க மருந்து நிர்வாகம் அவர்களுக்கான தொடக்க அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகப் பாதியாக்கியது. தூக்கத்திலேயே எழுந்து நடப்பது, சமைப்பது, வண்டி ஓட்டுவது போன்ற அரிய ஆனால் ஆபத்தான நிகழ்வுகளுக்காக 2019இல் அந்த வகை மருந்துகளுக்குக் கடுமையான எச்சரிக்கையை அட்டையில் சேர்க்கச் சொன்னது. நீங்கள் இளையவர், பத்து ஆண்டுகளில் எதுவும் நேரவில்லை என்றால் அச்சப்பட வேண்டாம். ஆனால் அந்த அரை மாத்திரை இன்னும் தூக்கத்தைத் தருகிறதா, அல்லது அது இல்லாத இரவின் அவதியைத் தடுப்பது மட்டும்தான் அதன் வேலையா என்பதை ஒருமுறை மருத்துவரோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

"ரெண்டு நாள் நிறுத்திப் பார்த்தேன், பொட்டுத் தூக்கமில்ல. மாத்திரை இல்லாம எனக்கு முடியாதுன்னுதானே அர்த்தம்?"

இல்லை. மூளை பல மாதங்களாக ஒரு மருந்தின் அடக்கத்துக்கு ஈடுகொடுத்துப் பழகியிருக்கிறது. அந்த மருந்தைத் திடீரென எடுத்தால் விழிப்பு முன்பைவிட அதிகமாகத் துள்ளும். இது சில நாட்களில் தணியும் எதிர்விளைவு. பழைய நோய் இன்னும் இருக்கிறது என்பதற்கு இதைச் சான்றாகக் கொள்ள முடியாது. மிகப் பலர் இந்த இரண்டு இரவுகளைப் பார்த்துப் பயந்துதான் ஆண்டுக்கணக்கில் தொடர்கிறார்கள். இதைவிட முக்கியமானது: நீண்ட நாள் பென்சோடயசெபின் எடுத்தவர் ஒரேயடியாக நிறுத்தினால் நடுக்கம், பதற்றம், அரிதாக வலிப்புகூட வரலாம். அதனால்தான் தொடக்கத்திலேயே எச்சரித்தேன்.

எழுதித் தந்த மருத்துவரின் மேற்பார்வையில், வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், சிறிது சிறிதாகக் குறைப்பதே வழி. குறைக்கும்போது சிகிச்சையும் உடனிருந்தால் வெற்றி கூடுகிறது. நீண்ட நாள் மாத்திரை எடுத்த முதியவர்கள் 76 பேரைக் கொண்ட 2004ஆம் ஆண்டு ஆய்வில், படிப்படியாகக் குறைப்பது மட்டும் செய்தவர்களில் 48 விழுக்காட்டினர் மாத்திரையை விட்டார்கள். குறைப்பதோடு சிபிடி-ஐ பெற்றவர்களில் 85 விழுக்காட்டினர் விட்டார்கள். பின்னாளில் சிலர் மீண்டும் தொடங்கத்தான் செய்தார்கள். என்றாலும், முடியாது என்று சொல்லிவிடுவதற்கு இந்த எண்கள் இடம் தரவில்லை.

"பழைய சீட்டை வச்சே மருந்துக் கடையில வாங்கிக்கிறேன். தப்பா?"

தவறு. அல்பிரசோலாம், டயசெபாம், நைட்ரசெபாம், சோல்பிடெம் ஆகியவை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துகளுக்காக 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த எச்1 பட்டியலில் உள்ளவை. எழுதிய மருத்துவர், வாங்கியவர், மருந்தின் அளவு ஆகியவற்றைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். சீட்டு கேட்கும் கடைக்காரரிடம் கோபப்படாதீர்கள்; அவர் உங்கள் நன்மைக்கான வேலையைச் செய்கிறார்.

"மாத்திரைக்குப் பதிலா ராத்திரி கொஞ்சம் குடிச்சாலே தூக்கம் வருதே? இல்லைன்னா கசகசாப் பால், ஜாதிக்காய்?"

மது முதல் சில மணி நேரம் ஆழ்த்தும், பின்னிரவில் தூக்கத்தை உடைக்கும். குறட்டையையும் மூச்சடைப்பையும் கூட்டும். தூக்க மாத்திரையோடு மது சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகலாம். இந்த ஒன்றில் கொஞ்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

வெதுவெதுப்பான பாலில் தவறேதும் இல்லை. ஜாதிக்காயைச் சிட்டிகைக்கு மேல் கூட்டிக்கொண்டே போனால் அது நஞ்சாகும். குழப்பமும் படபடப்பும் வரும். எதை அருந்தினாலும், அதுவே இன்னொரு மாத்திரைபோல, அது இல்லாமல் தூங்க முடியாது என்ற நிலைக்கு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

"இந்தச் சிகிச்சை யாருக்கு ஒத்துக்காது?"

படுக்கை நேரத்தைச் சுருக்கும் பகுதிதான் கவனம் தேவைப்படுவது. இருமுனை மனநோய் உள்ளவர்களுக்குத் தூக்கக் குறைவு மிகையெழுச்சியைத் தூண்டலாம். வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு வலிப்பைத் தூண்டலாம். பேருந்து, லாரி ஓட்டுகிறவர்கள், உயரத்தில் வேலை செய்கிறவர்கள், மில்லில் ஓடும் இயந்திரத்தின் முன் நிற்கிறவர்கள் ஆகியோருக்கு முதல் இரண்டு வாரத்துப் பகல் மயக்கம் உயிருக்கே ஆபத்து. இவர்களுக்கு அந்தப் பகுதியை விட்டுவிட்டோ, மிக மென்மையாகவோ செய்கிறோம். மற்றப் பகுதிகள் அப்படியே பொருந்தும். சுழற்சி முறையில் இரவு வேலை பார்ப்பவர்களுக்கு உடலின் கடிகாரமே இடம் மாறியிருப்பதால், வெளிச்சத்தையும் வேலை நேரத்தையும் கணக்கில் கொண்ட வேறு திட்டம் வேண்டும்.

மனச்சோர்வோ நாள்பட்ட வலியோ உடனிருப்பது தடையன்று. முன்பெல்லாம் மனச்சோர்வு தீர்ந்தால் தூக்கம் தானே வரும் என்று காத்திருப்பார்கள். இப்போது இரண்டையும் ஒரே நேரத்தில் கவனிக்கிறோம். ஆனால் தூக்கமின்மையோடு, வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் நோட்டுப் போட்டு இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவரைப் பாருங்கள், அல்லது 14416 என்ற எண்ணில் பேசுங்கள்.

"இதைச் செய்யிறவங்க நம்ம பக்கம் எங்க இருக்காங்க?"

போதுமான அளவில் இல்லை. எனக்கு மிகுந்த வருத்தம் தரும் உண்மை இது. மாத்திரை எழுத இரண்டு நிமிடம் போதும். சிபிடி-ஐ அமர்வுக்கு முக்கால் மணி நேரம் வேண்டும். புறநோயாளர் வரிசையில் நூறு பேர் நிற்கும்போது மருத்துவரைக் குறை சொல்வதில் பொருளில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் கட்டணமின்றிக் கேட்கலாம். சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையும் உண்டு. மேலே சொன்ன 14416, மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை. தமிழிலும் பேசலாம், எந்நேரமும் கட்டணமில்லை. அருகில் யாரைப் பார்க்கலாம் என்பதை அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். தனியாரிடம் போனால், அவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா என்று கேளுங்கள். தூக்க நோட்டு எழுதச் சொல்வாரா என்றும் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு விழிப்பவரிடம் இந்தச் சிகிச்சை கிடைக்காது.

கைபேசிச் செயலிகள் வழியாகவும் இதைச் செய்ய முடியும். எந்தச் சிகிச்சையைத் தரலாம் என்று வழிகாட்டும் இங்கிலாந்தின் நைஸ் நிறுவனம் 2022 மே மாதத்தில், தூக்க மாத்திரைக்கு மாற்றாக அப்படியொரு செயலியைப் பரிந்துரைத்தது. ஆங்கிலம் சரளமாக உள்ளவர்களுக்கு அந்த வகைச் செயலிகள் உதவும்.

"நீங்க மனோதத்துவம் படிச்சவங்க. அதனாலதானே மாத்திரை வேண்டாங்கிறீங்க?"

நியாயமான சந்தேகம். ஆனால் நாள்பட்ட தூக்கமின்மை உள்ள எல்லா வயதுவந்தவர்களுக்கும் முதலில் சிபிடி-ஐ தர வேண்டும் என்று 2016இல் நெறிமுறை வெளியிட்டது உளவியலாளர் சங்கம் அன்று. மருந்து எழுதும் உள்நோய் மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்க மருத்துவர் கல்லூரி. ஐரோப்பியத் தூக்க ஆய்வுச் சங்கம் 2017இலும், பின்னர் 2023இலும் அதையே சொன்னது. சிகிச்சை மட்டும் போதாதபோது, நன்மை தீமைகளைப் பேசி, குறுகிய காலத்துக்கு மருந்து என்பது அவர்கள் காட்டும் வரிசை.

நானே மாத்திரைக்காக மருத்துவரிடம் அனுப்புவதும் உண்டு. மகனை விபத்தில் பறிகொடுத்து நான்கு நாளாகக் கண் மூடாத தாயிடம் நோட்டைக் கொடுத்து எழுதச் சொல்வது கொடுமை. அவருக்கு அந்த வாரம் மாத்திரை வேண்டும். சிகிச்சையை ஒழுங்காகச் செய்தும் பலன் காணாதவர்களும் உண்டு. அவர்களை நீங்கள் சரியாகச் செய்யவில்லை என்று குற்றம் சாட்டுவது தவறு. அவர்களுக்குப் பொருத்தமான மருந்தைக் குறைந்த அளவில் தருவது முறையான மருத்துவமே.

"சிகிச்சை முடிஞ்சு எட்டு மாசம் நல்லாத் தூங்கினேன். இப்ப மறுபடியும் போயிடுச்சு. அப்ப அதுவும் தோத்துப்போச்சா?"

மீண்டும் துன்பம் வந்தால் மீண்டும் தூக்கம் கெடும். அதை எந்தச் சிகிச்சையும் தடுப்பதில்லை. முதல் கேள்வியில் சொன்னதுபோலச் சில இரவுகளை அப்படியே விட்டுவிடலாம். இரண்டு வாரம் தாண்டியும் தொடர்ந்தால், முன்பு செய்ததையே மறுபடி செய்ய வேண்டும்: பகல் தூக்கத்தை நிறுத்துவது, சீக்கிரம் படுப்பதை நிறுத்துவது, எழும் நேரத்தைப் பிடித்துக்கொள்வது. இரண்டாம் முறை பெரும்பாலும் எட்டு அமர்வு தேவைப்படாது.

பூண்டு உரித்த ஆசிரியைக்கும் இது நடந்தது. கணவருக்கு இருதய அறுவைச் சிகிச்சை முடிந்த பிறகு ஒரு மாதம் தூக்கம் இல்லை. என்னிடம் வரத்தான் கிளம்பினாராம். கிளம்பும்முன் பழைய நோட்டைத் தேடி எடுத்தவர், மீதமிருந்த பக்கங்களில் கட்டம் போட்டு, எழுவது 5.30, படுப்பது 11.45 என்று தானே எழுதிக்கொண்டார். மூன்று வாரம் கழித்து, கணவருக்குத் துணையாக மருத்துவமனைக்கு வந்தபோது அந்த நோட்டை என்னிடம் காட்டினார். கடைசிப் பக்கத்தில் படுக்கும் நேரம் 11.00 ஆகியிருந்தது.